பிள்ளையாருக்குப் பின்னாடி ஒரு கதவு

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். மச்சான் கிளினிக் கம்ப்யூட்டரைப் பூட்டணும்.

மச்சான்னா என் வீட்டம்மாவோட அண்ணன். மெட்ராஸ் கே.கே. நகர் இல்லை, எங்க ஊர் கே.கே. நகர்ல குழந்தை டாக்டர். எந்தப் பிள்ளைக்கு எப்ப தடுப்பூசின்னு குறிச்சு வைக்கிற டேட்டாபேஸை எழுதிக் குடுத்தது அடியேன். "எங்க வீட்டுக்காரர் செஞ்சது"ன்னு என் மனைவி போற கல்யாணத்துல எல்லாம் சொல்லி வச்சிருக்கா. என் மானம் அம்புட்டும் அந்த ஒரு ஃபைலுக்குள்ளதான் இருக்கு.

ரிசப்ஷன்ல இருக்கிறது ஜெயாக்கா. பொறுப்பான ஆளு. பொறுப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அதுதான் பிரச்சினை. போன வாரம் உள்ள இருக்கிற பட்டியலைத் திறந்து, ஸ்க்ரீன்ல அடங்கலைன்னு போன் நம்பர் இருந்த வரிசையையே தூக்கிட்டாங்க. ஒரு வீட்டுக்கும் ஊசி மெசேஜ் போகலை. பழைய காப்பியில இருந்து நம்பரை எல்லாம் மீட்டு எடுக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு.

அப்பதான் மச்சான் கண்டிஷனாச் சொன்னாரு.

"மாப்ள, அவங்களுக்கு டோக்கன் போடுற பட்டனைத் தவிர ஒண்ணும் தெரியக் கூடாது. நீங்க நெனச்சா மட்டும் உள்ள போகணும். இதுவும் சரிப்படலைன்னா நான் மெட்ராஸ்ல ரெடிமேடா வாங்கிக்கிறேன்."

ரெடிமேடா! அந்த வார்த்தை நெஞ்சுல தைச்சிருச்சு. திருநகர்ல இருந்து வண்டியை எடுத்துட்டுப் போய் உக்காந்தேன்.

பட்டியலை மறைச்சேன். மெனுவை எடுத்தேன். ரைட் கிளிக்கை முடக்கினேன். ஷிஃப்ட் கீயை அமுக்கிக்கிட்டே ஃபைலைத் திறந்தா பூட்டையெல்லாம் தாண்டி உள்ள போயிரலாம். அந்த வழியையும் அடைச்சேன்.

இப்ப நான் உள்ள போக ஒரு வழி வேணுமே? பாஸ்வேர்ட் வைக்கலாம். ஆனா வச்ச பாஸ்வேர்டை மறக்கிறதுல நம்மள அடிச்சுக்க ஆள் கிடையாது. அதனால ஒரு ரகசியக் கதவு வச்சேன்.

முதல் ஸ்க்ரீன்ல இடது மூலையில பிள்ளையார் படம், வலது மூலையில மச்சான் போட்டோ. ரெண்டும் மச்சான் கேட்டு வாங்கினது. பிள்ளையாரை டபுள் கிளிக் பண்ணினா எல்லாம் திறக்கும். சாமி படத்தைப் போய் எவன் கிளிக் பண்ணப் போறான்? என் அறிவை நானே மெச்சிக்கிட்டு, வர்ற வழியில ஜிகர்தண்டா வேற குடிச்சேன்.

திங்கக்கிழமை காலையிலயே போன் வந்துருச்சு. மச்சான் குரல்ல சூடு தெரிஞ்சது. எதிர்ல ஒரு அம்மா பிள்ளையோட நிக்கிறாங்களாம், அந்தப் பிள்ளை பேரே கம்ப்யூட்டர்ல இல்லையாம்.

போய்ப் பார்த்தா பட்டியல் ஈன்னு இளிச்சுக்கிட்டுத் திறந்து கிடக்கு.

ஜெயாக்கா நிதானமா விளக்கினாங்க. "ரொம்ப நாளா வராத பிள்ளைக பேரை எல்லாம் எடுத்துட்டேன் தம்பி. வேற டாக்டருக்கு மாறிட்டாங்கன்னு நெனச்சேன்."

உள்ள எப்படிப் போனீங்கன்னு கேட்டேன். நான் ஒண்ணும் பண்ணலை, தானாத் திறந்துச்சுன்னு சொன்னாங்க. சரி, காலையில வந்ததும் என்ன செஞ்சீங்களோ அதையே திரும்பச் செய்ங்கன்னேன்.

ஃபைலை மூடித் திறந்தாங்க. மவுஸைப் பிள்ளையார் மேல கொண்டு போனாங்க. டக் டக். கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

"வேலையை ஆரம்பிக்கும்போது சாமியைத் தொட்டுக் கும்பிட வேணாமா தம்பி?"

"அதுக்கு எதுக்குக்கா ரெண்டு தட்டு?"

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, கம்ப்யூட்டர்ல எதையும் ரெண்டு தடவை தட்டினாத்தான் கேக்கும்னு."

சாமிக்கும் அதே ரூல்னு நெனச்சிருக்காங்க. தப்பு அவங்க மேல இல்லை.

மச்சான் கதவோரமா நின்னு பார்த்துக்கிட்டு இருக்காரு. பதட்டத்துல எனக்கு ஒரு யோசனை ஓடுச்சு. முதல்ல கதவை அடைப்போம், அப்புறம் அந்தப் பிள்ளை பேரைச் சேர்ப்போம். பிள்ளையாரை வெறும் படமா மாத்தினேன். சேவ் பண்ணி, மூடி, திறந்தேன்.

கச்சிதமான பூட்டு. டோக்கன் பட்டனைத் தவிர ஒண்ணும் தெரியலை. எனக்கும்தான்.

ஷிஃப்ட் கீயை அமுக்கினேன். நானே அடைச்ச வழி. பிள்ளையாரைத் தட்டினேன். அவர் சும்மா உக்காந்திருந்தாரு.

"பேரைச் சேர்த்தாச்சா மாப்ள?"ன்னாரு மச்சான்.

உள்ள போக முடியலைன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னேன். பிள்ளையோட நின்ன அந்த அம்மாதான் பாவம் பார்த்து, "ஊசி கார்டு எங்கிட்டயே இருக்கு சார்"னு பையில இருந்து எடுத்துக் குடுத்தாங்க. மச்சான் கார்டையும் பார்த்தாரு, என்னையும் பார்த்தாரு. மெட்ராஸ் ரொம்பக் கிட்டத்துல வந்துட்ட மாதிரி இருந்துச்சு.

சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணித் தாரேன்னு கெஞ்சி, ஃபைலை பென் டிரைவ்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு ஓடினேன். இன்னொரு ஃபைலை எழுதி, அது வழியா என் பூட்டை நானே உடைச்சேன். ஜெயாக்கா எடுத்த பேரெல்லாம் பழைய காப்பியில இருந்து திரும்ப ஏத்தினேன். மச்சான் போன் மேல போன் போட்டுக்கிட்டே இருந்தாரு.

கடைசியா கதவு. இந்தத் தடவை நல்லா யோசிச்சேன். யாரும் தொட்டுக் கும்பிட வாய்ப்பே இல்லாத இடமா இருக்கணும். வலது மூலையில இருக்கிற மச்சான் போட்டோவுக்குப் பின்னாடி வச்சேன். லீவு கேட்டா அவர் பார்க்கிற பார்வைக்கு, ஜெயாக்கா அந்தப் பக்கம் மவுஸைக் கூடக் கொண்டு போக மாட்டாங்க.

கணக்கு தப்பலை. மாசக்கணக்கா ஒரு தொந்தரவும் இல்லை. மெட்ராஸ் பேச்சை மச்சானும் எடுக்கலை, வீட்லயும் நம்ம மரியாதை பழையபடி ஏறிருச்சு.

தீபாவளிக்கு மச்சான் ஸ்டாஃபுக்கு எல்லாம் போனஸ் குடுத்தாரு. ஜெயாக்காவுக்குக் கூடவே ஒரு பட்டுச்சேலையும். டாக்டர் எனக்குச் சாமி மாதிரின்னு அவங்க எல்லார்கிட்டயும் சொன்னாங்களாம்.

மறுநாள் காலையில ஜெயாக்கா போன்ல வந்தாங்க. "தம்பி, மறுபடியும் எல்லாம் தெரியுது."