ஆட்சேபணை இல்லாத கிராங்க் ஷாஃப்ட்

‘முப்பது நாட்களுக்குள் ஆட்சேபணை வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம்.’ நான் காலமெல்லாம் வேலை பார்த்த அலுவலகத்தில் பாதிக் கோப்புகளை இந்த விதியை வைத்துத்தான் மூடினோம். மோட்டார் சைக்கிள் என்ஜினுக்கு அது பொருந்தாது என்று யாரும் எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை.

வண்டி என் மாமனாருடையது. கோலார் தங்கச் சுரங்கத்தில் போர்மேனாக இருந்தபோது வாங்கியது. அவருக்குப் பிறகு பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் கார் ஷெட்டில் நின்றது (கார் வெளியே மழையில் நின்றது). கல்யாணத்தன்று சர்ச்சிலிருந்து மண்டபத்துக்குத் தாத்தா வண்டியில்தான் போவேன் என்றாள் என் மகள் ஷீபா. மாப்பிள்ளை ஓட்டுவார். கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. நானே பிரித்துக் கட்டிவிடுகிறேன் என்றேன். என் மனைவி எஸ்தர் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டேன்.

கிராங்க் ஷாஃப்ட் என்பது இரண்டு கனத்த இரும்புச் சக்கரங்களும், அவற்றை இணைக்கும் ஒரு பின்னும். பின்னில் ஒரு துளை, சக்கரத்தில் ஒரு துளை. இரண்டும் நேராக நின்றால்தான் எண்ணெய் போகும். அடையாளம் போடாமல் பிரித்துவிட்டேன். சக்கரத்தில் துளை எது, பழைய கசடு எது என்று தெரியவில்லை. கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் எலி தின்றிருந்தது. சென்னையில் ஒரு பழைய வண்டிக்காரர் சங்கத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன்: ‘பின்னின் துளை வெளிப்புறம் பார்த்திருக்க வேண்டும் எனக் கருதுகிறேன். ஆட்சேபணை இருப்பின் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கவும்.’

ஆடுகோடி மெக்கானிக் சாதிக் பாய் பேரிங் கொடுக்க வந்தவர், நான் காத்திருக்கும் காரணத்தைக் கேட்டார்.

“கசட நோண்டிட்டு வாயால ஊதிப் பாருங்க சார். காத்து அந்தப் பக்கம் வந்தா சரி. இதுக்குப் போயி லெட்டரா?”

“வாயால ஊதணும்னு எந்தப் புக்லயும் இல்ல பாய்.”

“புக்கு எழுதினவனும் ஊதிப் பாத்துட்டுத்தான் சார் எழுதியிருப்பான்.”

முப்பத்தோராம் நாள், விதிப்படி, துளையை வெளிப்புறம் பார்க்க வைத்து அழுத்திச் சேர்த்தேன். பிறகு மூன்று நாள் செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி, சக்கரங்களை மயிரிழையில் பாதிகூடக் கோணல் இல்லாமல் நேராக்கினேன். கோணல் இருந்தால் முள் ஆடிக் காட்டிக்கொடுக்கும் அளவுமானியைக் காட்ட எஸ்தரைக் கூப்பிட்டேன்.

“முள்ளு நகரவே இல்லியேங்க, கெட்டுப் போச்சா?” என்றாள்.

ஷெட்டில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். தாலாட்டு மாதிரி ஓடியது. சாதிக் பாயைப் பரிதாபத்தோடு நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று, மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில், எண்ணெயே காணாத அந்தப் பின் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் நின்றது. பின்னால் பஸ், அதன் பின்னால் நாங்கள் வந்த கார், அதன் பின்னால் பெங்களூர். நான் இறங்கி ஓடி, கிராங்க் ஷாஃப்ட் துல்லியமாக நேராக இருக்கிறது என்று மாப்பிள்ளைக்கு விளக்க ஆரம்பித்தேன். வெள்ளைப் புடவையில் என் மகள் ரோட்டோரம் நின்றிருந்தாள். ஓர் ஆட்டோ நின்றது.

“ஹத்தி மேடம், டைம் ஆய்த்து” என்று கன்னடத்தில் ஏறச் சொன்னார் ஓட்டுநர்.

ஷீபா ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அப்பா, கேக் வெட்டறதுக்குள்ள விளக்கி முடிச்சிருங்க.” மண்டபத்தில் பேண்டு வாத்தியம் ஓர் ஆட்டோவை வரவேற்றது.

பிறகு சாதிக் பாய் என்ஜினைப் பிரித்து, கன்னம் உப்ப ஊதிவிட்டு, “காத்து போவல சார்” என்றார். அவர் கட்டிக்கொடுத்த வண்டி இன்று மாப்பிள்ளை வீட்டில் நன்றாக ஓடுகிறது. நான் அதன் அருகே போனால் யாராவது ஒருவர் கூடவே வருகிறார். வீட்டில் இரண்டாவது காபி கேட்டால், “லெட்டர் போடுங்க, முப்பது நாள் பாக்கலாம்” என்கிறாள் எஸ்தர்.

சங்கத்தின் பதில் இரண்டே வரி. ‘ஆட்சேபணை உண்டு, துளை உட்புறம் பார்க்க வேண்டும். உறுதி செய்துகொள்ள வாயால் ஊதிப் பார்க்கவும்.’ எஸ்தர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பெற்றுக்கொண்ட நாள்: கல்யாணத்துக்கு மறுநாள், வியாழக்கிழமை.