மாமனார் கேட்ட நாதம்

"இப்ப எப்படி இருக்கு?"

"கரண்ட் கிட்டார் மாதிரி இருக்கு," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"அது எனக்கும் தெரியுது. முன்னைக்கு இப்ப பரவாயில்லையான்னு கேட்டேன்."

"முன்ன வெறும் கரண்ட் கிட்டார். இப்ப சளி பிடிச்ச கரண்ட் கிட்டார்."

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரின் குமிழை இன்னொரு சுற்று திருப்பினார். அவர் மடியில் கிடந்தது எலெக்ட்ரிக் ஸ்டீல் கிட்டார். படுக்கவைத்து, கம்பிகளின்மேல் இரும்புத் துண்டை இழுத்து வாசிக்கிற ரகம். கட்டிலுக்கு அடியில் போர்வை சுற்றிக் கிடந்தது மாமனாருடைய ரெசனேட்டர் கிட்டார். அதையும் படுக்கவைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டாம். வயிற்றுக்குள் கிண்ணம் மாதிரி ஒரு மெல்லிய தகடு உண்டு. கம்பி அதிர்ந்தால் தகடு பாடும். பாடிக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறிய மாப்பிள்ளை, இறங்கும்போது தரை என்று நினைத்து அதன் வயிற்றில் கால் வைத்ததோடு பாட்டு நின்றுவிட்டது.

"கரண்ட் போனா செத்துப்போறதெல்லாம் ஒரு வாத்தியமா?" என்று கல்யாணத்தன்றே கேட்டவர் மாமனார். அதற்கப்புறம் மாப்பிள்ளை வாசிக்க உட்கார்ந்தால் அவருக்கு எங்காவது ஒரு வேலை வந்துவிடும். அப்பேர்ப்பட்டவர், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று தன் கிட்டாரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

"உங்ககிட்ட இருக்கட்டும் மாப்ள. தாராளமா வாசிங்க. திருகைக் கழட்டி உள்ள மட்டும் பார்த்துடாதீங்க. காத்துப் பட்டா நாதம் போயிடும்."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனார் அவரை நம்பி ஒப்படைத்த இரண்டாவது பொருள் அது. முதலாவது, துணி மடித்துக்கொண்டிருந்தது.

நசுங்கிய தகட்டை ரிப்பேர்க்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். "நடுவுல பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கு சார். எந்தக் கம்பெனின்னே தெரியல. இப்படி ஒரு தகட்டை நான் எந்தக் கிட்டார்லயும் பார்த்ததில்ல. வேற ஒண்ணு வரவழைச்சுப் போடலாம், மாசக்கணக்காகும். ஆனா இந்தச் சத்தம் வராது. வாசிச்சுப் பழகினவர் உடனே கண்டுபிடிச்சிடுவார்" என்று கையை விரித்துவிட்டார்.

அன்று காலையில்தான் மாமனாரின் போன். "சாயங்காலம் கூப்பிடறேன். என் கிட்டார்ல ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டுங்க. அது குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு."

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"சொன்னா உங்க அப்பா என்னை மனுஷனா மதிப்பாரா? கம்பி அதே கம்பி. இரும்பு அதே இரும்பு. கையும் என் கைதான். சத்தம் மட்டும் எப்படி வராம போகும்? வரவைக்கிறேனா இல்லையா பார்!"

அடித்தொண்டைச் சத்தத்தையெல்லாம் குறைத்தார். கிட்டார் கொசுவாகிவிட்டது. விரல்களில் உலோக நகம் மாட்டி, கம்பியின் ஓரத்தில் மீட்டி, உடனே உடனே அமுக்கிப் பார்த்தார். கொசுவுக்கு விக்கல் வந்தது. ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி இரும்பு வாளிக்குள் கவிழ்த்து வாசித்தார். கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடி வந்து, "உங்க வீட்டுல குழாய் வெடிச்சிடுச்சா?" என்று கேட்டார்.

வேறு யாராவது இருந்தால் விட்டிருப்பார்கள். மாப்பிள்ளை விடவில்லை. தகடு அதிர்ந்தால்தானே தகட்டின் சத்தம்? நேரே போய் வீட்டு ரேடியோவைப் பிரித்தார். ஸ்பீக்கரின் காகிதத்தைக் கிழித்தார். உள்ளே துடிக்கிற அந்தச் சின்னச் சுருளை மட்டும் காந்தத்தோடு எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

"என்னங்க, அது பால் பாத்திர மூடி!"

"தெரியுது."

"பாலை எதைப் போட்டு மூடறது?"

"தட்டைப் போடு. குடும்ப மானத்தைவிடப் பால் முக்கியமா?"

சுருளை மூடியின் நடுவில் பசை போட்டு ஒட்டி, ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, கம்பியை ஒரு இழுப்பு இழுத்தார். அறை முழுக்க 'கணீர்' என்றது. மூக்கால் பாடுகிற, லேசாகத் தகரம் கலந்த, நெஞ்சைப் பிசைகிற குரல்.

மனைவியின் கையிலிருந்த துணி நழுவியது. "ஐயோ, அப்பா கிட்டார்! அப்படியே அப்பா கிட்டார்!"

சாயங்காலம் போன் வந்தது. மாப்பிள்ளை உயிரைக் கொடுத்து வாசித்தார். வாசித்து முடித்ததும் போனைக் காதில் வைத்தார்.

"மாமா? இருக்கீங்களா?"

"மாப்ள..." மாமனார் மூக்கைச் சிந்தினார். "இப்படியெல்லாம் வாசிப்பீங்கன்னு தெரியாம போச்சே. போன்ல கேட்டா போதாது. இதோ கிளம்பிட்டேன். அத்தையையும் கூட்டிட்டு வரேன்."

மாப்பிள்ளை அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "தேவையா இது?" என்று மனைவி கேட்டாள். அதற்குள் அவர் ஒரு திட்டம் போட்டுவிட்டார்.

மாமியார் வாசற்படியில் படுத்திருந்த பூனையை விரட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவருக்குப் பூனை என்றாலே ஆகாது. ஏன் என்று கேட்டால், "அதுங்க பண்ற வேலை எனக்குத்தான் தெரியும்" என்பார்.

"மாமா, இந்தக் கிட்டாரைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுப் பாருங்க. நாதம் தனியா தெரியும். நான் உள்ள உட்கார்ந்து வாசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை அறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார்.

முதல் பாட்டு முடிந்தது. வெளியே கைதட்டல்! அதோடு மாமனாரின் குரல்: "இத்தனை வருஷமா உங்க வாசிப்பை உட்கார்ந்து கேக்காம விட்டுட்டேன். தப்பு என்மேலதான் மாப்ள."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடு! அதோடு எழுந்து வந்திருந்தால் கதை சுபம். புகழ்ச்சி யாரை விட்டது? இன்னொரு பாட்டை எடுத்தார். பாட்டு உச்சிக்குப் போகிற சமயத்தில் விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. கிட்டாரும் நின்றது.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கரண்ட் போனா... என் கிட்டார் ஏன் நிக்குது?" என்று மாமனார் மெதுவாகக் கேட்டார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளை கதவைத் திறந்தார். கரண்ட் கிட்டார், ஒயர், காந்தம், மூடி எல்லாவற்றையும் மூவரும் பார்த்தார்கள். அவரே கட்டிலுக்கு அடியில் குனிந்து போர்வையை இழுத்துப் பிரித்து, நசுங்கிய தகட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"மன்னிச்சிடுங்க மாமா. மிதிச்சுட்டேன். நம்பிக் கொடுத்தீங்க, காப்பாத்த முடியல."

மாமனாரின் முகம் வெளுத்தது. திட்டு விழப்போகிறது என்று மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அட, விடுங்க மாப்ள. போனா போகுது. அதை முதல்ல இப்படிக் கொடுங்க," என்று மாமனார் அவசரமாகக் கையை நீட்டினார்.

எவ்வளவு பெரிய மனசு! மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. "இல்ல மாமா, இது சாதாரணத் தகடு இல்ல. ரிப்பேர்க்காரரே அசந்துட்டார். இப்படி ஒண்ணை அவர் பார்த்ததே இல்லையாம். நடுவுல பூ முத்திரைகூட இருக்கு!"

"முத்திரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொடுங்க சொல்றேன்!"

"பூவா? எங்க, இப்படிக் காட்டுங்க," என்று குறுக்கே புகுந்து தகட்டை வாங்கினார் மாமியார். ஜன்னலில் மிச்சமிருந்த அந்தி வெளிச்சத்தில் பிடித்து விரலால் துடைத்தார். காந்தம் ஒட்டிக் கிடந்த மகளுடைய மூடியை ஒரு பார்வை, கையிலிருந்ததை ஒரு பார்வை. அப்புறம் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"இது கல்யாணமான புதுசுல நான் ஆணியால கீறின பூ. என் பால் பாத்திர மூடியைப் பூனை தூக்கிட்டுப் போச்சுன்னுதானே சொன்னீங்க?"