பேய்க்கு எடை வேண்டும்

நான் எடுத்த ஒரே படத்தில் பேய் உருண்டோடிவிட்டது. என் குடும்பம் இதை இன்றுவரை சிரித்துக்கொண்டே சொல்கிறது. நான் சிரிக்காமல் சொல்கிறேன். வருத்தம் தெரிவிக்கத்தான் எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். அன்று நான் சொன்னது சரி. நடந்ததுதான் தப்பு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பகலில் மலாயாவின் பிரிக்ஃபீல்ட்ஸில் குமாஸ்தா வேலை, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வசனகவிதை. (எல்லாவற்றிலும் மழை பெய்யும்.) எங்கள் தெருமுனையில் மணியம் பாஸ் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். ஊரான் எடுத்த படத்தை எத்தனை நாள்தான் வாடகைக்கு விடுவது, சொந்தமாக ஒரு பேய்ப்படம் எடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. டைரக்டராக என்னைப் பிடித்தார். என் திறமை, சம்பளம் கேட்காதது.

கேசட் எடுக்க யார் வந்து பேசிவிட்டுப் போனாலும் கதை மாறியது. பேய்க்கு ஒரு காதல் பாட்டு வேண்டும் என்றார் பாஸ். கடைசியில் பேய் திருந்த வேண்டும் என்றார். பேய் குடியிருக்கும் பாழடைந்த வீட்டின் அடுப்படியில், விளம்பரம் தந்த கம்பெனியின் மசாலாத்தூள் பொட்டலம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கழுத்து மறுத்துவிட்டது.

பாஸுடைய அக்கா மகன் பிரகாஷ் ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டரோடு திரும்பியிருந்தான். அதிலே ஒரு பேய் செய்து காட்டினான். சலவைக் கடையிலிருந்து தப்பித்த தலையணை உறை மாதிரி அது திரையில் மிதந்தது.

"காலு இல்ல, நெழலு இல்ல, செவுத்துக்குள்ள பூந்து போவுது. இன்னும் என்னாய்யா வேணும் ஒனக்கு?" என்றார் பாஸ்.

"பேய்க்கு எடை வேணும் பாஸ். அது நடந்தா புல்லு மடங்கணும்."

"செத்துப் போனவளுக்கு என்னாய்யா எடை? தராசுலயா நிறுத்தப் போறோம்?"

"காத்துல கரையிற பேய்க்கு யாரு பயப்படுவா? கையால செய்யிறேன். நெசப் பொம்பள, நெசப் பொகை."

கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ் மீசையைத் தடவினார். "சரிலா. ஒரே ஒரு தடவ. நான் காருக்குள்ள ஒக்காந்து பாப்பேன். எனக்குப் பயம் வந்தா ஒன் பேயி. வரலன்னா என் அக்கா மவன் பேயி."

ஆகா, இனி என் கலை வாழ்வு ஒரு கேசட் கடைக்காரரின் பயத்தில் தொங்குகிறது என்று அன்று நெஞ்சு விம்மியது. (கவிஞனுக்கு எதற்கெடுத்தாலும் விம்மும்.)

பேயாகத் தேவகியைக் கேட்டேன். டைப்பிஸ்ட், கோயில் திருவிழா நாடகங்களில் நடிப்பவள். எத்தனையோ வாரமாக அவளிடம் பேச வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டது, "பேயா நடிக்க வரீங்களா?" ஒரு பெண்ணிடம் இப்படி ஆரம்பித்து உருப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கிள்ளானில், மேட்டிலிருந்து சரியும் ஒரு தெருவைப் பிடித்தோம். பேய் நடக்கக் கூடாது, வழுக்கி வர வேண்டும். அதற்காகப் பாசாரில் மீன் விற்பவரிடம் பெட்டி தள்ளும் சின்ன டிராலியை இரவல் வாங்கினேன். தேவகியை அதன்மேல் நிறுத்தி, விழாமலிருக்கக் கால்களைத் துணியால் கட்டி, வெள்ளைச் சேலையால் எல்லாவற்றையும் மூடினேன். பின்பக்கம் ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு, கேமராவுக்குத் தெரியாமல் குனிந்தபடி, மெல்ல மெல்ல அவளைச் சரிவில் இறக்குவது என் வேலை.

"மீன் நாத்தம் கொடலப் பொரட்டுது, டைரக்டர் சார்."

"பேய்க்கு மூக்கு கிடையாது, தேவகி."

"எனக்கு இருக்கு."

புகைக்குக் குணா. வீதி வீதியாகக் கொசு மருந்துப் புகை அடிப்பது அவன் தொழில். அந்த வாரம் அவன் அடிக்க வேண்டிய தெருக்களில் இதுவும் ஒன்று. என் ஷூட்டிங் நேரத்தில் வந்து அடித்தால் போதும் என்று பேசி வைத்திருந்தேன். எவ்வளவு பெரிய மூளை!

அந்தி கவிந்தது. தோளில் தொங்கிய மெஷினைக் குணா முடுக்கினான். அது தெருவையே அதிர வைத்தது. பிறகு புகை வந்தது. அடடா, அந்தப் புகை! வேலியில் ஏறியது, கேட்டுகளை விழுங்கியது, விளக்குக் கம்பத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. நான் எழுதிய எந்த மழைக்கும் அந்த அழகு வாய்த்ததில்லை. நடுவில் வெள்ளையாகத் தேவகி. கயிற்றைத் தளர்த்தினேன். அவள் வழுக்கி வந்தாள். எனக்கே முதுகு சில்லிட்டது.

அப்போது தெருவின் எல்லாக் கதவுகளும் திறந்தன.

புகை அடிக்கும்போது வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது. மலாயாவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கலைஞனாக இருந்ததால் மறந்துபோயிருந்தேன். குணா ஒலிபெருக்கியில், "செமுவா கெலுவார்! எல்லாரும் வெளிய வாங்க!" என்று முழங்கினான்.

"டேய், என்னடா பண்ற?" என்று கத்தினேன்.

"ரூல் அண்ணே!"

யாருமற்ற சுடுகாட்டுப் பாதையாக நான் கற்பனை செய்திருந்த தெருவில் திருவிழாக் கூட்டம். நைட்டி போட்ட ஆன்டி ஒருவர் சோற்றுப் பானையை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். சாரோங் கட்டிய அங்கிள் கிளிக்கூண்டோடு வந்தார். ஆன்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு பேயின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏம்மா, ஒன் வீட்டுலயும் அடிச்சிட்டாங்களா?"

தேவகி பேயாகவே நேராக வெறித்தாள். பாத்திரத்திலிருந்து இம்மியும் விலகவில்லை. (அந்த நொடியில்தான் இவளையே கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.)

அடுத்து வெளியே வந்தவை கரப்பான்கள். மருந்து வாடை பொறுக்காமல் சாக்கடையிலிருந்து பழுப்புப் படையாகக் கிளம்பின. புகையில் அவற்றுக்குத் தெரிந்த ஒரே மேடு, மீன் மணக்கும் ஒரு வெள்ளைச் சேலை. ஏறின.

தேவகி அலறினாள். அப்படி ஓர் அலறலை எந்த நடிகையும் தந்ததில்லை. உதறினாள், துள்ளினாள்; கயிறு என் கையை அறுத்துக்கொண்டு நழுவியது. கால் அசையாமல், தலைமுடி பறக்க, உடம்பெல்லாம் ஏதோ ஊர, அவள் சரிவில் பாய்ந்தாள். ஆன்டி பானையைப் போட்டார். அங்கிள் கூண்டைப் போட்டார். கேமராமேன் கேமராவையே போட்டார்.

சரிவின் அடியில் பாஸின் கார்.

"முருகா! பத்துமலை முருகா! மொட்டை போட்டுக்கறேம்ப்பா, காப்பாத்து!"

தெரு முழுக்கக் கேட்டது. கார் பின்பக்கமாகச் சீறிப்போய்ச் சாக்கடையில் உட்கார்ந்தது. டிராலி புல்தரையில் முட்டி நின்றது. நான் ஓடியது முதலில் தேவகியிடம்தான். அவள் அதை இன்றுவரை நம்பவில்லை.

சேலையை உதறிக் கால்கட்டை அவிழ்த்துவிட்டு, சாய்ந்த காரின் கண்ணாடியைத் தட்டினேன். "பாஸ், பயந்துட்டீங்க. பேய் என்னுது."

"யாரு பயந்தா? நான் கியர் மாத்தினேன்."

"முருகான்னு கத்தினீங்களே?"

"கியர் மாத்தும்போது சாமிய கும்புடுறது என் பழக்கம்லா."

பேய் பாய்ந்த நொடிக்குக் கேமராவில் பதிந்திருந்தது வானம், பிறகு தார். படத்தில் தலையணை உறையே மிதந்தது. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டு, டைரக்டர் என்று பிரகாஷ் பெயரைப் போட்டார். டைரக்டர் வேலை போனது, தோற்றேன் என்று யாராவது சொல்லட்டும். அடுத்த தைப்பூசம்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

பத்துமலைப் படியடியில், அத்தனை கூட்டத்திலும், சந்தனம் பூசிய ஒரு புது மொட்டை பளபளத்தது. மணியம் பாஸ். மனிதர்களிடம் என்ன புளுகினாலும், முருகனிடம் வாய்விட்டுச் சொன்னதை மாற்ற அவருக்குத் துணிச்சலில்லை.

"என்ன வேண்டுதல் பாஸ்?"

"வியாபாரத்துக்குய்யா."

என் பக்கத்தில் நின்ற தேவகி (ஆமாம், அதற்குள் சேர்ந்து வரும் அளவுக்கு வந்திருந்தோம்) தேனாகக் கேட்டாள்: "இப்ப கியர் நல்லா விழுதா, அங்கிள்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பேய்ப்படத்துக்கும் ஒரே தராசுதான். பயமாக இருந்தால் "மொட்டை". இல்லாவிட்டால் "முடி பத்திரம்". பெரிய பெரிய கம்பெனிகள் கொட்டிக் குவித்த எத்தனையோ பேய்களைத் தேவகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "முடி பத்திரம்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போயிருக்கிறாள்.

விதி பாருங்கள், எங்கள் மகள் கம்ப்யூட்டரில் பேய் செய்கிற வேலைக்குத்தான் போனாள். போன மாதம் மடிக்கணினியில் தான் செய்த ஒன்றைக் காட்டினாள். மிதந்தது.

"முடி பத்திரம்," என்றாள் அம்மா.

"புல்லு மடங்கல," என்றேன் நான்.

மகள் கோபித்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் திரும்பக் கொண்டுவந்தாள். பேய் காலெடுத்து வைத்தது. ஒவ்வொரு புல்லாக மடங்கி, அது போனபின் தயங்கித் தயங்கி நிமிர்ந்தது. என் கை என்னையறியாமல் தலைக்குப் போனது.

"பாத்தீங்களாப்பா? கம்ப்யூட்டர் ஜெயிச்சிடுச்சு."

"இல்லம்மா. புல்லு ஜெயிச்சது."

தேவகி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் சரி," என்றாள். "கரப்பான் எங்க?"