வேன் பெயர்த்து வடிகால் மீட்ட படலம்

ஒரு தாளைக் கொடுத்தால் நூறாகப் பெருக்கித் தரும் வரம் பெற்றவர், மை தீர்ந்தாலும் மனம் தீராதவர், ஏரிப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் என்ற அட்டையைப் பனியனுக்கு மேலும் கழற்றாமல் அணியும் அஞ்சா நெஞ்சர், ஜெராக்ஸ் கடைக்காரர்! அந்த மாவீரரை முதலில் வணங்கிக்கொள்வோம். அவருக்கு நேர்ந்ததைப் பிறகு சொல்வோம்.

சென்ற கூட்டத்தில், காலி நாற்காலிகளும் கலங்கும்படி அவர் ஒரு சபதம் செய்திருந்தார். "எல்லாத் தெருவிலயும் வடிகால் பக்கத்துல எச்சரிக்கை எழுதியாச்சு. நம்ம தெருவுல மட்டும் இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குள்ள நான் எழுதலேன்னா, செயலாளர் பதவியே எனக்கு வேணாம்!"

"சபாஷ்!" என்றார் லாண்டரிக்காரர். அந்தப் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். அதனால் கூட்டத்திலேயே அதிகம் கைதட்டியவரும் அவர்தான்.

ஞாயிறும் புலர்ந்தது. இடக்கையில் நீலப் பெயிண்ட் டின், வலக்கையில் பட்டைப் பிரஷ், அக்குளில் எழுத்து வெட்டிய அட்டை என மும்முனை ஆயுதம் தாங்கி வீரர் தெருவில் இறங்கினார். பின்னால் திரண்டு வரவேண்டிய குழுப் படையில் ஒருவருக்குப் பல்வலி, ஒருவருக்கு விருந்தாளிகள். தலைவர் மட்டும் போனில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பித் தம் கடமையை முடித்துக்கொண்டார். தனித்து நின்ற சிங்கம் தலை நிமிர்ந்து பார்த்தால், அந்தோ! வடிகாலின் கம்பி மூடியை ஒட்டி, எழுதவேண்டிய ஓரக்கல்லை மறைத்தபடி, மதங்கொண்ட யானைபோல் நின்றது ஒரு வேன். அதன் மேனியெங்கும் ஷாம்பு நுரை பூசிக்கொண்டிருந்தவன் வேற்று நாட்டுப் பகைவனா? இல்லை. கட்டிய மனைவியின் உடன்பிறந்த தம்பி, சொந்த மச்சினன்!

"தள்ளி நில்லுங்க மாமா, நுரை தெறிக்கும்."

"டேய், வண்டியை எடு. மரியாதை கெட்டுடும்."

"இனிமே கெட என்ன மிச்சம் இருக்கு?" என்று மச்சினன் ஒரு குவளை நீரை வீச, அது வேனின் விலாவில் மோதி, வெள்ளை நுரைச் சேனையாய்ப் பெருகிக் கம்பி மூடியை நோக்கிப் பாய, வீரர் எழுத்து அட்டையைக் கேடயமாய்ப் பிடித்து, செருப்புக் காலை அணையாய்க் குறுக்கே நீட்டி, அதுவும் போதாதெனத் தம் முழு உடலையும் மூடியின்மேல் இருத்தி, வேட்டி நனைய, வீறு குறையாமல் அமர்ந்துவிட்டார். மாடிகள்தோறும் தலைகள் முளைத்தன.

"சாக்கடைக்குக் காவல் இருக்கவா மாமா உங்களுக்குப் பதவி கொடுத்தாங்க?"

உட்கார்ந்த இடத்திலிருந்தே முழங்கினார் வீரர்: "சாக்கடை இல்லடா! சாக்கடைத் தண்ணியையாவது சுத்தம் பண்ணித்தான் வெளியே விடுவாங்க. இது மழைத்தண்ணி போற வழி. நடுவுல ஒரு சல்லடைகூடக் கிடையாது. நேரா ஏரி. அந்த ஏரித் தண்ணிதான் நம்ம குழாய்க்கு வருது!"

ஓங்கிய குவளை அந்தரத்தில் நின்றது.

"அப்ப காலைல நான் குடிச்ச காபியில?"

"போன வாரம் நீ போட்ட ஷாம்பு."

மூன்றாம் மாடி குலுங்கிச் சிரித்தது. மச்சினன் முகம் கசந்தது. உண்மை அவனை வென்றுவிட்டது. ஆனால் வேன் நகரவில்லை. "நீங்க சொல்றது சரிதான் மாமா. ஆனா பாதி நுரையோட எப்படி எடுப்பேன்? காஞ்சா திட்டுத்திட்டாப் படியும். இன்னும் நாலே குவளை." கொள்கையில் சரணடைந்தும் குவளையில் சரணடையாத இந்த விசித்திரப் பகைவன்முன் வீரரின் அறிவுக்கணைகள் அனைத்தும் மழுங்கின. அந்நேரம் பார்த்து, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு லாண்டரிக்காரர் வந்து நின்று, கைக்கடிகாரத்தை மிகுந்த பாசத்தோடு தடவினார்.

"செயலாளரே, மணி ஆகப் போகுதே. நல்லா உக்காந்துட்டீங்களா?"

பதவி ஊசலாடியது. பரம்பரை மானம் ஊசலாடியது. அப்போதுதான் படியிறங்கி வந்தாள், ஒருவனுக்கு மனைவியும் ஒருவனுக்கு அக்காவும் ஆகிய அந்தப் பேராற்றல். யாரையும் கேளாமல் வேனுக்குள் கைவிட்டுச் சாவியை உருவினாள்.

"ரெண்டு பேருக்கும் இன்னைக்குச் சோறு கிடையாது. டேய், இந்தா சாவி. கோடியில புல்லு மைதானம் இருக்குல்ல, அங்க போய்க் கழுவு. மண்ணு உறிஞ்சிக்கும். நீங்க எந்திரிங்க, ஊரே பாக்குது."

இரு பெரும் படைகளும் ஒரே கணத்தில் பணிந்தன. பாதி நுரையோடு வேன் பெயர்ந்தது. வீரர் எழுந்தார், கல்லைத் துடைத்தார், அட்டையைப் பதித்தார், பிரஷ்ஷைச் சுழற்றினார். பத்து அடிப்பதற்குள், 'இங்கே ஊற்றுவது ஏரிக்குப் போகும்' என்னும் நீல வாசகம் வையமெல்லாம் வாசிக்கும்படி வடிகாலின் ஓரத்தில் ஒளிர்ந்தது. மாடிகள் ஆர்ப்பரித்தன, லாண்டரிக்காரரின் மடிப்புக் கலைந்தது, நீர்நிலைகள் காத்த நெடுந்தகை வாழ்க என்று காற்றே கட்டியம் கூறுவதுபோல் இருந்தது.

பிறகு செயலாளர், காய்ந்துவிடுமே என்று, பெயிண்ட் பிரஷ்ஷை அந்த மூடியின்மேலேயே பிடித்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அலசினார்.