மஞ்சளாகக் கூடாத குழாய்

பிடிவாதக்காரர்களைப் பாத்திரம் கழுவ விடக் கூடாது. நான் யாரும் சொல்லாமலே கழுவப் போனவள்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஆராய்ச்சி மாணவி. ஆவாரம்பூச் சாறு, உடம்பின் செல்களைக் கெடுக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை எந்த அளவுக்கு அடக்குகிறது என்று பார்ப்பது என் வேலை. ஊதா நிறத்தில் ஃப்ரீ ராடிக்கல் கரைசல் ஒன்று உண்டு. அதில் சாற்றை விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று கலரிமீட்டர் சொல்லிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஊதாவில் சாற்றுக்குப் பதில் வெறும் ஆல்கஹால் விட்ட சோதனைக் குழாய் ஒன்றும் வைப்போம். அது மட்டும் ஊதாவாகவே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்தச் சோதனையும் குப்பை.

உசிலம்பட்டியில் அப்பா கெடு வைத்திருந்தார். செமினாரில் தேறினால் படிப்பு, சொதப்பினால் ஆவணியில் கல்யாணம். (மாப்பிள்ளை தயார். மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது.) வேவு பார்க்க வந்தவர் மாட்டு வியாபாரம் செய்யும் என் அண்ணன். செமினார் அறைக்குள் போகுமுன் அவருக்குப் பாடம் எடுத்தேன்.

"ஊதா மஞ்சளாச்சுன்னா நான் செயிச்சுட்டேன்னு அர்த்தம்ண்ணே."

"அம்புட்டுதானா? இதுக்கா இத்தன வருசம்?"

என்னை யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது என்ற வெறியில், முந்தின நாளே குழாய்களையெல்லாம் எலுமிச்சை மூடியால் குத்துவிளக்கு மாதிரி தேய்த்து வைத்திருந்தேன். கோடைத் தண்ணீர்த் தட்டுப்பாடு, அலசியது பெயருக்கு. எலுமிச்சைச் சாறும் ஊதாவை மஞ்சளாக்கும் என்று நானே படித்திருந்தேன். (படித்தது கழுவும்போது நினைவுக்கு வரவில்லை.)

செமினாரில் சாறு விட்ட குழாய்கள் மஞ்சளாயின. நிமிர்ந்து நின்றேன். அடுத்து வெறும் ஆல்கஹால் குழாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மஞ்சளானது.

"என்னம்மா, ஆவாரம்பூவும் வெறும் ஆல்கஹாலும் ஒண்ணா?" என்றார் பேராசிரியர்.

கடைசி வரிசையிலிருந்து மட்டும் படபடவென்று கைதட்டல். என் அண்ணன்! பக்கத்தில் இருந்தவரிடம், "எந்தங்கச்சிதாண்ணே! ஒண்ணு விடாம செயிச்சிருச்சு!" என்றார்.

பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் ஆவணி கண்முன் நின்றது. குழாயை முகர்ந்தேன்; எலுமிச்சை வாசம். "தப்பு குழாய்ல சார். வெள்ளிக்கிழமை திரும்பச் செய்றேன். அதுலயும் தப்புனா நானே ஊருக்குப் போயிடுறேன்" என்றேன். பேராசிரியர் ஒப்புக்கொண்டார். கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து விரல் நுனி சுருங்கும்வரை அலசினேன். கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரிலும் அலசிக் காயவைத்தேன்.

அண்ணன் ஊரில் என்ன சொன்னாரோ, வெள்ளிக்கிழமை அப்பாவே அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சாறு விட்டவை மஞ்சளாயின. ஆல்கஹால் குழாய் ஊதாவாகவே நின்றது, கடைசிவரை. பேராசிரியர் முதல் ஆளாகக் கைதட்ட, அப்பாவும் தட்டினார். "படிக்கட்டும்" என்று ஒரே வார்த்தை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்ததும் அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். முகம் வாடியிருந்தது.

"அழுவாதத்தா. ஒண்ணே ஒண்ணுதான பெயிலு. அப்பா கவனிக்கல, நானும் சொல்ல மாட்டேன்."

இன்றும் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளை மதிப்பெண் குறைந்து வந்தாலும், "ஒண்ணு ஊதாவா நின்னுருச்சா? அப்பாகிட்டச் சொல்லல, விடு" என்றுதான் தேற்றுகிறார்கள். நானும் எத்தனையோ முறை விளக்கிப் பார்த்துவிட்டேன்; அண்ணன் நம்புவதாக இல்லை. அப்பாவிடம் அவர் கடைசிவரை சொல்லவும் இல்லை.