இருபத்தேழு பேரைத் தாண்டி ஒரு படிவம்

பார்வையற்றோருக்காக இணையத்தில் இதுவரை நடந்த சேவைகளை எல்லாம் ஒரு தட்டிலும், கள்ளக்குறிச்சியில் எங்கள் நற்பணி மன்றம் செய்த சேவையை மறுதட்டிலும் வைத்தால், எங்கள் தட்டுதான் தாழும். மன்றத்தின் செயலாளர் என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. தலைவர் சொல்லச் சொன்னார்.

கண் டாக்டரை வரவழைத்து, பார்வையற்றவர்களுக்குச் சான்றிதழ் தரும் முகாம் நடத்த முடிவு செய்தோம். நாற்பது பேருக்குத்தான் இடம். வருகிறவர்களுக்குக் குளிர்கண்ணாடி இலவசம். பதிவுக்கு ஓர் இணையப்பக்கம் வேண்டுமே என்று, மூன்று மாதமாக வெப் டிசைன் படிக்கும் ருக்ஷானாவைப் பிடித்தோம். செருப்புக்கடை நவுஷாத்தின் மகள். அவளுக்கு இது முதல் வேலை.

அந்தப் பெண் செய்துகொண்டு வந்ததைப் பார்த்து எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. பெயர், ஊர், போன் நம்பர் எழுத மூன்று கட்டம். அடியில் 'பதிவு செய்' என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான். பார்வையற்றவர் விரலால் தள்ளத் தள்ள, போன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லுமாம். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடத்தில் பதிவு செய்தும் காட்டினாள்.

தலைவர் சின்னதுரை மனம் நொந்துபோனார். "இன்னாம்மா இது? கருமாதிப் பத்திரிகையிலகூட நாலு பேரு பேரு இருக்கும்."

உடனே 'அணுகல் மேம்பாட்டு அவசரக் கூட்டம்' கூடியது. உறுப்பினர் இருபத்தேழு பேரின் படங்களும் படிவத்துக்கு மேலே இடம்பெற வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கண் தெரியாதவர்களுக்குப் படம் எதற்கு என்று ருக்ஷானா கேட்டாள். நியாயமான கேள்வி. எனவே ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் போன் படிப்பதற்கென விளக்கம் எழுதச் சொன்னோம். வெறும் அலங்காரப் படமாக இருந்தால் விளக்கத்தைக் காலியாக விடலாம், போன் தானே தாண்டிப் போய்விடும் என்று அவள் வழி சொன்னாள். இருபத்தேழு அலங்காரங்களும் அவளை முறைத்தன.

அந்த விளக்கங்களுக்கு அடைமொழிகளை எழுத நான்கு நாள் ஆயிற்று. 'கொடை வள்ளல்' பட்டத்துக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். ஒருவரைக் 'கொடைக் கடல்' ஆக்கிச் சமாளித்தேன். 'ஊடாட்டம்', அதாவது இன்டராக்‌ஷன், ஜாஸ்தியாக வேண்டும் என்று பொருளாளர் ரவூப் அடம்பிடித்ததால், ஒவ்வொரு பெயர் முடிந்ததும் கைதட்டல் ஒலிக்க ஏற்பாடு செய்தோம்.

கடைசியில் ருக்ஷானா ஒன்றே ஒன்று கேட்டாள். பக்கத்தின் உச்சியில் 'நேராகப் படிவத்துக்கு' என்று ஒரு லிங்க் வைக்கட்டுமா?

"எங்களத் தாண்டிக்கினு போறதுக்கு நீயே வழி காட்டுறியாம்மா?" என்றார் தலைவர். லிங்க் நிராகரிக்கப்பட்டது.

திறப்பு விழாவுக்குக் கல்வராயன் மலையிலிருந்து மாயவனைக் கூட்டிவந்தோம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். சங்கராபுரத்தில் ஒரு கடையில் நாற்காலி பின்னும் வேலை அவருக்காகக் காத்திருந்தது. சான்றிதழ் இருந்தால் பஸ் பாஸ்; பாஸ் இருந்தால் வேலை. முதல் பதிவு அவருடையதாகவே இருக்கட்டும் என்று மேடையில் உட்காரவைத்து, அந்த நிமிடமே பக்கத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டோம்.

மாயவனின் போன் எங்களைப் படிக்க ஆரம்பித்தது. பெயர் வந்ததும் உரியவர் எழுந்து கும்பிட்டார். போன் கைதட்டியது, கூட்டமும் தட்டியது. கண்கொள்ளாக் காட்சி. நடுவில் மாயவன் விரலைத் தள்ளி முன்னே போகப் பார்த்தார். ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாதே என்று தலைவர் அந்தக் கையை அன்போடு பிடித்துக்கொண்டார்.

ஒன்பது நிமிடம் கழித்துப் படிவம் வந்தது. 'இடங்கள் நிரம்பிவிட்டன' என்றது போன். கண்ணுள்ளவர்கள் எங்கள் படங்களை ஒரே இழுப்பில் மேலே தள்ளிவிட்டு, குளிர்கண்ணாடிக்காகப் பதிவு செய்து முடித்திருந்தார்கள். என் மைத்துனரும் அதில் உண்டு; கண்ணாடி அவருக்கு எடுப்பாக இருக்கும்.

ருக்ஷானா அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று குறிப்பேட்டில் பதிந்துகொண்டேன்.

அடுத்த முகாம் அடுத்த வருடம்தான். தலைவர் மைக்கை மாயவனிடம் நீட்டி, பக்கம் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"உங்க இருவத்தேழு பேரு பேரும் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சிங்க," என்றார் மாயவன். "எம் பேரை எங்க போடறதுன்னுதான் தெரியல."

பயனாளியின் இந்தப் பாராட்டை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம். இடப் பற்றாக்குறையால் முதல் வாக்கியம் மட்டும்.