டி காணாமல் போன ஞாயிறு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு புருஷன் இருந்தானாம். அவனுக்கு ஒரே ஒரு பெண்டாட்டியாம். அவளும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம்.

ஊர், மூடிப்போன தங்கச் சுரங்கத்து ஊரிகம். புருஷன், நான். பெயர் அனில்.

பல்லவிக்கு பெங்களூரில் வேலை. வாரமெல்லாம் அங்கே ஹாஸ்டல். சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் வருவாள். ஞாயிறு சாயங்காலம் ரயிலில் போவாள். நடுவில் கிடைக்கிற அந்த ஒரு பகலிலும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, சிரில் அண்ணனின் ஸ்டூடியோவுக்குக் கல்யாண ஆல்பம் செய்வாள். ஊரிலுள்ள மாப்பிள்ளைகளை எல்லாம் சிவப்பாக்குவாள். வீட்டு மாப்பிள்ளை பக்கத்தில் கறுத்துப்போய் உட்கார்ந்திருப்பேன்.

மற்ற நாட்களில் குக்கர் விசில் அடித்தால் "இதோ வரேன்" என்று வாய்விட்டுப் பதில் சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டேன். வேறு யார் என்னைக் கூப்பிடுகிறார்கள்?

ஒரு சனிக்கிழமை, அவள் வந்து குளிக்கப் போன நேரம் பார்த்துத் துணிந்தேன். லேப்டாப்பில் ஒரே டிஸ்க்தான். நடுவில் பிரித்து சி, டி. சி-யில் விண்டோஸ். டி முழுக்க அவள் ஆல்பம். டி போனால் ஆல்பம் போகும். ஆல்பம் போனால் ஞாயிறு எனக்கு! படங்களைப் பென்டிரைவில் ஏற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். நான் கெட்டவன் இல்லை. பிறகு டி-யை டெலீட் செய்தேன்.

"இன்னாங்க, டி-யைக் காணோம்?"

"தானா போச்சும்மா. பழைய லேப்டாப்பு."

"தானாவா?"

"தானாத்தான்."

ஒரு பார்வை பார்த்தாள். அரிசி களையப் போய்விட்டாள்.

ஞாயிறு காலையில் பச்சைப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு நின்றாள். கல்யாண ஆல்பத்துக்கு வெளியே அப்படி ஒரு முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"எங்க போலாம் பல்லவி? சுரங்கத்துச் சயனைடு மண்மேட்டுக்கா? மேல ஏறுனா ஊரே தெரியும்."

"போலாங்க. டி இருந்த எடம் சும்மாதானே கெடக்குது? அதைச் சி-யோட சேத்துட்டு வாங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு நீங்க."

"அது இன்னா பெரிய வேலை? நீ செருப்பைப் போடு!"

சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் சுரங்க லைன் வீடுகளில் பக்கத்து வீடு காலியானால் நடுச்சுவரை இடிப்போம். நம் வீடு பெரிசாகிவிடும். அதே வழக்கத்தில் இறங்கினேன். காலியிடம் கறுப்புப் பட்டையாகத் தெரிகிறது. ஆனால் சி-யை நீட்டச் சொன்னால் அந்தப் பட்டன் மங்கிக் கிடக்கிறது. அமுக்கினால் அசையவில்லை. காரணம், இரண்டுக்கும் நடுவில் விண்டோஸ் தனக்கென்று ஒரு குட்டி அறை கட்டியிருக்கிறது. லைனுக்கு நடுவே பொதுக் கக்கூஸ் மாதிரி. தாண்டவும் முடியாது, இடிக்கவும் பயம்.

"ஆச்சாங்க?"

"இதோ."

"இன்னும் ஆவலயா?"

"இரும்மா, வீடியோல பாத்துக்கினே செய்யறேன்!"

பக்கத்து வீட்டுத் தங்கம்மா அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா பல்லவி, பொடவை கட்டிக்கினு வாசல்ல நிக்கிற?"

"அவுருக்கு வேலை இருக்குதுக்கா. மண்மேட்டுக்கு நீங்க வரீங்களா?"

போய்விட்டார்கள். என் மடியில் லேப்டாப். பக்கத்தில் கறுத்துப்போய் உட்காரக்கூட ஒரு ஆள் இல்லை.

சாயங்காலம் எனக்கு ஒரு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தாள். "தள்ளுங்க" என்றாள். அந்தக் கறுப்புப் பட்டை மேலேயே நாலு தட்டு தட்டினாள். டி வந்துவிட்டது.

"எப்பிடி?"

"காலி வூடுன்னா செவுத்தைத்தான் இடிக்கணுமா? தனிக் கதவு வெச்சா ஆச்சு." முந்தானை முடிச்சிலிருந்து பென்டிரைவை எடுத்துக் காட்டினாள். "நேத்து அரிசில கெடச்சுது."

"தெரிஞ்சும் பகல் பூரா உக்கார வெச்சியா?"

"தானா போச்சுன்னு சொன்னீங்களே. தானா வரும்னு பாத்தேன்."

பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கூடவே போனேன். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னேன்: "அடுத்த வாரம் ஆல்பம் செய் பல்லவி. நான் சும்மா பக்கத்துல இருக்கேன்."

ரயில் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"ஆல்பம் ஏதுங்க? இந்த ஞாயித்துக்கெழமை உங்ககூட இருக்கணும்னு, வெள்ளிக்கெழமையே ஹாஸ்டல்ல முடிச்சு சிரில் அண்ணனுக்கு அனுப்பிட்டேன். லேப்டாப்பை வூட்டுலயே வுட்டுட்டு வந்துட்டேன். டி-யை நீங்களே வெச்சுக்கோங்க. எடம் நெறைய இருக்குது."

ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்திலிருந்து கடைசியாக நடந்தவன் நான். அவள் சொன்னது சரிதான். வீட்டில் இடம் நிறையவே இருந்தது.